இருபது பேர் டிக்கெட்

இருபது பேருக்கான ரயில் டிக்கெட் என் சட்டைப் பையில் இருந்தது. நான் ஷொரனூர் பிளாட்பாரத்தில் இருந்தேன். மீதிப் பத்தொன்பது பேரும் ரயிலில் இருந்தார்கள். ரயில் போய்க்கொண்டிருந்தது.

இதற்கு ரயில்வேயைக் குறை சொல்லலாம்தான். அது எமர்ஜென்சி வருஷம். வண்டிகள் சொன்ன நேரத்துக்குப் புறப்படும் கெட்ட பழக்கத்துக்கு ஆளாகியிருந்தன. ஷொரனூரில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவார்கள், அதற்குள் ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்துவிடலாம் என்று பெட்டியில் எல்லோருக்கும் சொன்னவன் நான்தான். என்றைக்கோ ஒரு தடவை அந்த வழியாக வந்து போனவன் என்ற தகுதியில் சொன்னது. சொல்லிவிட்டு டீ குடிக்க இறங்கினேன்.

டீ சீக்கிரமே முடிந்துவிட்டது. பேச்சுதான் முடியவில்லை.

"எங்ஙோட்டா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். எங்கே போகிறாய் என்று கேட்டால் ஊர்ப் பெயரைச் சொல்வதுதான் மனுஷ லட்சணம். நான் "கப்பலுக்கு" என்றேன்.

"கப்பலில் ஜோலியா?"

"ஜோலியெல்லாம் இல்லீங்க. கப்பல்ல ஏறி, தீவையெல்லாம் பாத்துப்போட்டு, அதே கப்பல்ல திரும்பி வர்றது."

"அப்போ எந்தினா போகுந்நது?"

"எதுக்குமில்லீங்க. அதுதான் விசேஷம்."

அவருக்குப் புரியவில்லை. ஒரு மனிதனைப் புரியாத நிலையில் விட்டுவிட்டு வருவது என் சுபாவம் அல்ல. கப்பலுக்குள் சாப்பாட்டுக் கூடம் உண்டு, படுக்கைக்கு வெள்ளை விரிப்பு உண்டு, மணி அடித்தால் ஆள் வந்து நிற்பான் என்று, நான் பார்த்தே இராத கப்பலை அவருக்கு மாடி மாடியாகக் கட்டிக் காட்டினேன். மூன்றாவது மாடி எழும்பும்போது அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"ஆ வண்டி போகுந்நுண்டல்லோ."

"எந்த வண்டி?"

"நிங்ஙளுடெ."

ஓடினேன். வேட்டி கட்டிய, தொப்பை விழுந்த கடலைக்காட்டு விவசாயி எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு ஓடினேன். என் மனைவி ராமாத்தாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. அடுத்தவர் காட்டில் வாய் வைத்துவிட்ட தன் மாட்டைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் இருந்த சுருக்குப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கப்பல் சீட்டு இரண்டும் அதில்தான் இருந்தன. அவற்றை என்னிடம் கொடுத்துவைக்க அவள் ஒப்பவில்லை. அப்போது எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

கப்பல் எங்களுக்கு வந்த கதை சின்னது. எருத்தேன்பதியில் எங்கள் காட்டில் ஒரு உரக் கம்பெனி மாதிரிச் சாகுபடி செய்யச் சொன்னது. நிலக்கடலை. கம்பெனிக்காரர்கள் படம் எடுத்தபோது உரம் தூவியது நான். களை எடுத்தது, தண்ணீர் கட்டியது, பன்றி வராமல் தகரம் தட்டியது ராமாத்தாள். வரி ரசீது என் பேரில் இருந்ததால், சுற்று வட்டாரத்திலேயே அதிக மகசூல் எடுத்த விவசாயி நான் ஆனேன். பரிசு என்றால் ஒரு டார்ச் லைட் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். கம்பெனியின் ஆளாக எங்கள் பக்கம் வந்து போகும் மிக்கேல், ஏலப்பாறை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், நல்ல சிரித்த முகம், வந்து சொன்னார்: கொச்சியிலிருந்து உல்லாசக் கப்பல், இரண்டு பேருக்கு, நாலு நாள். கப்பலில் எல்லாம் கம்பெனி செலவு. கொச்சி வரை வந்து சேருவது மட்டும் எங்கள் பாடு.

அந்தக் கொச்சி வரைக்கும்தான் நான் என் மூளையைப் பயன்படுத்தினேன். விவசாயிகள் கூட்டமாகக் கண்காட்சி பார்க்கப் போனால் ரயிலில் பாதிக் கட்டணம் என்று பிளாக் ஆபீசில் சொன்னார்கள். எறணாகுளத்தில் அப்போது ஒரு விவசாயக் கண்காட்சியும் நடந்துகொண்டிருந்தது. ஒரே நிபந்தனை, இருபது பேருக்குக் குறையக் கூடாது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். எங்களுக்குப் பதினெட்டுப் பேர் குறைந்தது. பங்காளிகளையும் சொந்தக்காரர்களையும் கேட்டேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. இந்த அளவுக்கு என்மேல் பாசம் வைத்திருக்கிறார்களா என்று எனக்கே பெருமையாக இருந்தது. என் பெரியப்பா மகன் சென்னியப்பண்ணன்தான் தெளிவுபடுத்தினார்.

"கூப்புடறவன்தானப்பா டிக்கெட்டு எடுக்கோணும்."

அப்படியாக, இரண்டு டிக்கெட்டில் பாதியை மிச்சம் பிடிப்பதற்காக நான் இருபது டிக்கெட்டில் பாதியைக் கொடுத்தேன்.

இதைவிடப் பெரிய சிக்கல் ராமாத்தாள். வருகிறாளா இல்லையா என்று அவள் சொல்லவே இல்லை. எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேராக 'மாட்டேன்' என்றால் சண்டைக்கு வருகிறாள் என்று அர்த்தம். சட்டென்று 'சரி' என்றாலோ அலைகிறாள் என்று அர்த்தம். அதனால் மாடு பிடிக்க வந்த வியாபாரிக்கும், பெண் கேட்டு வந்தவர்களுக்கும், எனக்கும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"கப்பலுக்குப் போலாமா, ராமாத்தா?"

"பாக்கலாமுங்க."

தினமும் பொழுது சாய்ந்தால் கேட்பேன். தினமும் பாக்கலாமுங்க. ஒருநாள் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டுக்கொண்டே அவளாக ஒன்று கேட்டாள்.

"ஏனுங்க, கடல் தண்ணி ஓரத்துல மட்டும் உப்புங்களா, நடுவுலயும் உப்புங்களா?"

எனக்கும் தெரியாது. "நடுவுல கொஞ்சம் கம்மியா இருக்கும்" என்று சொல்லிவைத்தேன். அவள் கடலைப் பார்த்ததில்லை. அவள் வாயிலிருந்து வராத 'சரி' அந்தக் கேள்விக்குள் இருந்தது என்று எனக்குப் பட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கப்பலின் ஏணியை எடுத்துவிடுவார்கள் என்று மிக்கேல் சொல்லியிருந்தார். அவள் கடலைப் பார்க்காமல் திரும்பினால், அதற்குக் காரணம் ஷொரனூரில் நான் கட்டிய மூன்று மாடிதான்.

ஸ்டேஷன் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார். அதுவே பெரிய உபகாரம்.

"அடுத்த வண்டி திருச்சூர்ல நிக்குங்களா?"

"நில்க்கும்."

"எங்க ஆளுகளை அங்கயே எறக்கி வெக்கச் சொல்ல முடியுங்களா?"

"நோக்காம்" என்றார்.

மலையாளத்திலும் பாக்கலாமுங்க உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் அவர் என் முன்னாலேயே திருச்சூருக்குப் போன் செய்தார்.

அடுத்து வந்தது எக்ஸ்பிரஸ். ஏறி, கதவோரமே நின்றேன். டிக்கெட் பரிசோதகர் வந்தார். நீட்டினேன். அதைப் படித்துவிட்டு எனக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்தார்.

"பாக்கி பத்தொன்பது பேர்?"

"முன்னாடி வண்டில போய்ட்டாங்க."

"டிக்கெட் இல்லாமலா?"

"டிக்கெட்டுதான் இங்க இருக்குதுங்களே."

இருபது பேர் டிக்கெட்டில் ஒருவன் மட்டும் போவதற்கு விதியில் தடை இருக்கிறதா என்று அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். கண்டுபிடிக்க முடியாமல் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

கொஞ்ச தூரம் போனதும், வேகம் குறையாமலே ஒரு சின்ன ஸ்டேஷனைக் கடந்தோம். பிளாட்பாரத்தில் ஒரு மரம். மரத்தடியில் துண்டு விரித்து, வரிசையாக உட்கார்ந்து, இலையில் கட்டுச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் பலபேர். யாரோ கல்யாணக் கோஷ்டி என்று நினைத்தேன். பிறகுதான் அந்தத் தலைப்பாகைகள் எனக்குத் தெரிந்த தலைப்பாகைகள் என்று தெரிந்தது.

டிக்கெட்டை எடுத்து ஆட்டினேன். சென்னியப்பண்ணன் என்னைப் பார்த்து, நான் குசலம் விசாரிக்கிறேன் என்று நினைத்து, புளிச்சோறு ஒட்டிய கையைத் தூக்கிக் காட்டினார். ராமாத்தாள் மட்டும் சாப்பிடவில்லை. டிரங்குப் பெட்டிமேல் ஒரு கையை வைத்து, பிளாட்பாரத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். என் சொந்தபந்தங்களை இவ்வளவு வேகமாக நான் ஒருநாளும் கடந்து போனதில்லை.

சங்கிலியைப் பிடித்து இழுக்கக் கை போயிற்று. பக்கத்திலேயே அபராதத் தொகை எழுதியிருந்தது. கை திரும்பி வந்துவிட்டது.

திருச்சூரில் இறங்கினேன். "போன் வந்தது, ஆனால் நீங்கள் சொன்ன ஆட்கள் அந்த வண்டியில் வரவில்லையே" என்று அங்கே சொன்னார்கள். தெரியும், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். டீக்கடை எதிரிலேயே இருந்தது. போகவில்லை.

வெயில் உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் சாய்ந்த பிறகு ஒரு பாசஞ்சர் வந்தது. அதில் பத்தொன்பது பேரும் இருந்தார்கள். அந்தச் சின்ன ஸ்டேஷனின் மாஸ்டர் இரக்கப்பட்டு, கார்டிடம் சொல்லி ஏற்றி அனுப்பியிருந்தார். வண்டி கொச்சித் துறைமுகம் வரை போகும் என்றார்கள். எப்போது போய்ச் சேரும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

உள்ளே போனதும் முதல் குரல் என் அக்கா மருதாத்தாளுடையது. அத்தான் போன பிறகு நாலு ஏக்கர் தோட்டத்தைத் தனியாளாகக் கட்டி ஆளுகிறவள். அவள் வாய்க்குப் பயந்து தோட்டத்துப் பக்கம் காக்கைகூட யோசித்துத்தான் இறங்கும்.

"ஏண்டா தம்பி, ரயிலு கெளம்புனா ஓடி வர மாட்டியா?"

"ஓடி வந்தனே அக்கா."

"பாத்தேன். நம்மூட்டுச் செனையெருமை இன்னுங் கொஞ்சம் வெரசா ஓடும்."

"சரி, நீங்க எல்லாம் எதுக்கு நடுவழில எறங்குனீங்க?"

சென்னியப்பண்ணன் மீசையைத் தடவினார். "டிக்கெட்டு பாக்கறவரு நல்ல மனுசன்டா. திருச்சூருக்குப் போயி எறங்கி நில்லுங்கன்னுதான் சொன்னாரு. நாந்தான் ஒத்துக்கல. ஒரம்பரைய, சொந்தக்காரன நடுவழில உட்டுப்போட்டு நாம பாட்டுக்கு முன்னால போறது மொறையா? எதுத்த வண்டிக்கு வழி உடறதுக்கு அந்த டேசன்ல நிறுத்துனான். அல்லாரையும் எறக்கிப்போட்டேன்."

"நான் வர்ற வண்டி அந்த டேசன்ல நிக்காதுங்கண்ணா."

"அது உனக்கல்லோ தெரியோணும்."

"கையக் காட்டுனனே."

"நானுந்தான காட்டுனேன்."

அவரோடு வாதாட முடியாது. ரயில்வேக்கு ஒரு விதி, அவருக்கு ஒரு விதி. அவருடைய விதியில் நான் கைவிடப்படவில்லை என்பதும் உண்மைதான்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்தினால் அடுத்த பெட்டிக்கு மட்டும்தான் கேட்காது. "உம் பொண்டாட்டி எறங்கவே மாட்டேன்னுட்டா, தெரியுமா? கம்பியப் புடிச்சுட்டு நிக்கறா. அண்ணன் சத்தம் போட்டுத்தான் எறக்குனாரு."

நான் ராமாத்தாளைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்த தென்னைமரங்களைப் பார்த்தாள்.

"நெசமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"கப்பலுக்கு எப்படியும் போயிரலாம். போலாந்தானே?"

"பாக்கலாமுங்க."

அக்கா வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள். "என்னத்தப் பாக்கறீங்களோ, ரெண்டு பேரும். எனக்கு மட்டும் எவனாவது ஒரு கப்பல் சீட்டு குடுத்திருந்தா, அவன் வாய் மூடறதுக்குள்ள ஏறி உக்காந்திருப்பேன்."

"நீங்க ஏறுவீங்க, நங்கை" என்றாள் ராமாத்தாள். புருஷனுடைய அக்காளை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது அந்த ஒரு தடவைதான்.

பாசஞ்சர் வண்டிக்குக் கண்ணில் பட்ட ஒவ்வொரு ஊரும் நெருங்கின சொந்தம். நின்று விசாரித்துவிட்டுத்தான் நகர்ந்தது. நின்ற இடத்திலெல்லாம் நான் எழுந்து கதவுக்குப் போய், மணி என்ன, ஐந்துக்குள் போய்விடுமா என்று யாரையாவது கேட்டேன். ஒருவர் போகும் என்றார், ஒருவர் சந்தேகம் என்றார், ஒருவர் என்னிடமே மணி கேட்டார். ஒவ்வொரு தடவை நான் எழும்போதும் ராமாத்தாள் பேச்சை நிறுத்திவிடுவாள். நான் திரும்ப வந்து உட்கார்ந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். ஆலுவாயில் அக்கா என் துண்டின் நுனியை டிரங்குப் பெட்டியின் கைப்பிடியில் முடிந்துவைத்தாள். நான் துண்டை விட்டுவிட்டு எழுந்து போனேன்.

எறணாகுளத்தில் வண்டி அசையவே இல்லை. பொறுக்க முடியாமல் இறங்கி, கார்டைக் கேட்கலாம் என்று பின்னால் நடந்தேன். பாதி தூரம் போவதற்குள் விசில் கேட்டது. திரும்பிப் பார்த்தால், ராமாத்தாள் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைப் பிளாட்பாரத்திலும் வைத்து, டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறாள். இறங்குவதா, உள்ளே போவதா என்று முடிவு செய்யாத நிற்பு அது. நான் ஓடிவந்து ஏறினேன். அவளுக்கும் மூச்சு வாங்கியது, ஓடினவன் நானாக இருந்தும்.

பிறகு அந்தப் பாலம் வந்தது. துறைமுகத் தீவுக்குப் போகிற பாலம். சட்டென்று இரண்டு பக்கமும் நிலம் காணாமல் போய், தண்ணீர் வந்தது. எங்கள் ஊர்க் கிணறுகளையும் குளங்களையும் எல்லாம் சேர்த்துக் கொட்டினாலும் ஒரு மூலைக்குக் காணாது. பெட்டியே எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டது. சென்னியப்பண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். தூரத்தில் கப்பல்களின் கொம்புகள் தெரிந்தன. நான் கதவோரம் நின்று தலையை வெளியே நீட்டி, எங்கள் கப்பல் எது என்று தேடினேன். யாராவது கூடப் பார்க்கிறார்களா என்று திரும்பினேன்.

ராமாத்தாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக அல்ல. அடுப்பில் பால் வைத்திருக்கிறவள் பாலைப் பார்ப்பது போல.

"தண்ணியப் பாரு, ராமாத்தா" என்று கையைக் காட்டினேன்.

அவள் திரும்பினாள். அதற்குள் பாலம் முடிந்து, சரக்குக் கொட்டகைகள் வந்துவிட்டன. இன்னொரு பாலம் இருக்காதா என்று பார்த்தேன். இல்லை. கதவை விட்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து என்ன, வண்டி கடைசி ஸ்டேஷனில் நின்றுவிட்டது.

டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் முன்னால் ஓட, ராமாத்தாளும் அக்காவும் பின்னால் ஓட, வழியனுப்ப வந்தவர்கள் அவர்களுக்குப் பின்னால் ஓடினார்கள். துறைமுக வாசலில் காவல்காரர் எங்களைத் தடுக்கவில்லை. இத்தனை பேர் இவ்வளவு தீர்மானமாக ஓடினால் ஏதோ அரசாங்க காரியம் என்று நினைத்திருப்பார்.

கப்பல் வெள்ளையாக, எங்கள் பக்கத்து அரிசி ஆலைகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியது போல நின்றது. ஏணியடியில் மிக்கேல் நின்றிருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"என்னண்ணே இவ்வளவு நேரம்? ஏணியத் தூக்கப் போறாங்கண்ணே. நான் கால்ல விழாத கொறைதான். இதென்ன, கப்பலையே ரொப்புற மாதிரி கூட்டிட்டு வந்திருக்கீய?"

"இவங்க வழியனுப்ப வந்தவங்க தம்பி."

"சரி, சரி. மதினி, சீட்டக் குடுங்க. அதுல பேரு கெடையாது, இங்க வச்சுத்தான் எழுதணும். ரெண்டு பேரு, அம்புட்டுத்தான் கம்பெனிக்குக் கணக்கு. பேரச் சொல்லுங்க." அவர் பேனாவைத் திறந்தார்.

நான் என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். பழக்க தோஷம், ராமாத்தாள் பக்கம் திரும்பி, "போலாந்தானே?" என்று கேட்டுவிட்டேன். பாக்கலாமுங்க வரும், மிக்கேல் பெயரை எழுதுவார், ஏறிவிடலாம் என்று நின்றேன்.

ராமாத்தாள் சுருக்குப் பையை அவிழ்த்து, சீட்டு இரண்டையும் எடுத்து மிக்கேலிடம் நீட்டினாள்.

"நானும் நங்கையும் போறமுங்க. எழுதிக்கோங்க."

"நங்கைங்கிறது பேரா மதினி?"

"மருதாத்தாள்" என்றாள் அக்கா. ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, கண்காட்சிக்கென்று கொண்டுவந்த துணிப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள்.

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. சென்னியப்பண்ணன் தொண்டையைச் செருமினார், ஆனால் இதற்கான முறை என்ன என்று அவருக்கும் தெரியவில்லை. மிக்கேல் எழுதாமல் என்னைப் பார்த்தார். என் தலையில் இன்னும் டிரங்குப் பெட்டி இருந்தது. இறக்கி வைத்தேன்.

"நெசமாத்தான் கேக்கறேன், ராமாத்தா. நான் வரட்டுமா, வேண்டாமா?"

"வேண்டாமுங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. "பாலத்து மேல வர்றப்ப அல்லாரும் தண்ணியப் பாத்தாங்க. நான் நீங்க எங்க நிக்கறீங்கன்னு பாத்துட்டு இருந்தனுங்க. நீங்க கூட வந்தா நாலு நாளும் எனக்கு அதேதானுங்க வேலை. நான் கடலப் பாக்கோணுமுங்க."